பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லையா?

"அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், விடுங்க." காரைக்குடிப் பக்கம் இன்னும் கேட்கிற பேச்சு. ஆச்சிமார் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் காது கேட்காத பிள்ளைக்கு அந்த மூன்று வருடம் திரும்பக் கிடைக்காது.

காது சிகிச்சையில் இப்போது நடப்பதைப் படித்தால் நெஞ்சு நிறைகிறது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் சரியாக உருவாகாத குழந்தைகளுக்கு உள்காது ஒலியை வாங்கும், நரம்புக்குக் கடத்தாது. ஷாங்காய் மருத்துவர்கள் அதற்கான மரபணுவைத் தீங்கில்லாத வைரஸில் ஏற்றி உள்காதில் செலுத்தினார்கள். மரபணு பெரிசு, ஒரு வைரஸில் அடங்காது. அதனால் இரண்டு பாதியாக அனுப்ப, செல்லுக்குள் போய் ஒன்றுசேர்கிறது. 2024 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது!

இது அந்த ஒரு குறைக்கு மட்டும்தான். மற்ற பல பிள்ளைகளுக்கு காக்ளியர் இம்பிளான்ட் இருக்கிறது, அறுவைசிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பம் என்றால், 6 வயதுக்குள் அத்திட்டத்திலேயே செய்யலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மூளை பேச்சைப் பழகும் வயது அது.

சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வீடுகளில் பிறவியிலேயே செவித்திறன் குறைய வாய்ப்பு கூடுதல். யாரையும் பழிக்கவில்லை, பிறந்ததும் சோதித்துவிடுங்கள் என்கிறேன். உள்காது சத்தத்துக்கு பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓஏஇ சோதனை சில நிமிடம்தான், பிள்ளை தூங்கும்போதே எடுக்கலாம், வலி கிடையாது. அப்புறம் ஒன்று, ஓட்டோஃபெர்லின் குறை உள்ள பிள்ளைகள் பலர் ஓஏஇயில் தேறிவிடுவார்கள். சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையில்தான் பிடிபடும். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை என்றால் அதையும் கேட்டு எடுங்கள்.