மூக்கு மரத்த மனிதனும் மோப்பம் தவறாத அந்துப்பூச்சியும்

பேசியதைவிட ஒன்றரை மடங்கு வாடகை வாங்கிய ஓட்டுநரைக்கூட மன்னித்துவிடலாம். அவர் காரில் தொங்கிய வாசனைப் புட்டியை மன்னிக்க முடியாது. காட்டோர முகாமில் இறங்கியபோது தலைவலியோடு என் மூக்கும் மரத்துப் போயிருந்தது.

வெள்ளைத் துணியில் விளக்கொளி பாய்ச்சி அந்துப்பூச்சிகளை வரவழைப்பதுதான் அன்றிரவுத் திட்டம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது, சற்றுத் தள்ளி இருட்டில் தொங்கிய வலைக்கூண்டு. அதில் அன்றுதான் கூட்டிலிருந்து வெளிவந்த காட்டுப் பட்டுப்பூச்சிப் பெண் ஒன்று அசையாமல் இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஓர் ஆண் வந்தது. மணம் கிடைத்தால் முன்னேறுவதும், தவறினால் குறுக்கே அலைந்து தேடுவதுமே அதற்குத் தெரிந்த வழி.

வழிகாட்டி கொடுத்த உருப்பெருக்கியில் பார்த்தபோது, இறகு போல் விரிந்த அதன் உணர்கொம்புகள் முழுக்க மயிரிழைகளாகவே தெரிந்தன. இழைகளில் உள்ள நுண்துளைகள் வழியே நுழையும் ஃபெரோமோன், அதாவது ஆணை ஈர்க்கப் பெண் வெளியிடும் மணப்பொருள், எண்ணெய்த் தன்மை கொண்டது. உள்ளிருக்கும் நீர்மத்தில் எளிதில் கரையாது. ஆகவே ஒரு புரதம் அதைச் சுமந்து நரம்புச் செல்லில் மணத்தை உணரும் ஏற்பியிடம் சேர்க்கிறது. பிறகு நொதிகள் அதைச் சிதைத்துவிடுவதால், அடுத்த மணத்துக்கு அந்த இழை தயாராகிவிடுகிறது. என் மூக்குக்கு இந்த வசதி இருந்திருந்தால் அந்தக் கார்ப் பயணம் இவ்வளவு வதைத்திருக்காது!

வளர்ப்புப் பட்டுப்பூச்சியில் ஆணின் ஓர் உணர்கொம்பில் இத்தகைய நீண்ட இழைகள் சுமார் 17,000 உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்புச் செல்கள். அவற்றில் ஒன்று பெண் வெளியிடும் பாம்பிகோல் என்ற ஃபெரோமோனுக்கென்றே அமைந்தது. அதன் ஒரே மூலக்கூறு பட்டாலும் அந்தச் செல் துடிப்பை அனுப்பக்கூடும். பெண்ணின் உணர்கொம்புக்கோ தன் மணமே தெரியாது. இந்தப் பொருளைப் பிரித்தறிய ஜெர்மன் வேதியியலாளர் ஆடால்ஃப் புட்டேனான்ட் குழுவினருக்குச் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன. முடிவு வெளியானது 1959இல். முகாமுக்கான செலவை எண்ணி முனகிக்கொண்டிருந்த நான் இதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன்.

என் சட்டையில் ஏறியிருந்த கார் வாசனை அந்த ஆணைக் குழப்புமோ என்று அஞ்சி ஒதுங்கினேன். வழிகாட்டி சிரித்தார். பெண் பூச்சியின் அருகே பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர், அந்துருண்டை நெடி கொண்ட நாப்தலீனைப் பரப்பி வைத்தபோதும் ஆண்கள் தவறாமல் வந்தனவாம். ஃபெரோமோனுக்கான செல்கள் அந்த நெடியைக் கண்டுகொள்வதில்லை.

திரும்புவதற்கும் அதே கார்தான் கிடைத்தது. புட்டியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். வாடகையை மட்டும் குறைக்கவில்லை.