விளக்கெண்ணெய் வகுப்பு

மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு பாட்டில் விளக்கெண்ணெய். என்னோடு இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் வகுப்பு. சார் இரண்டு கண்ணாடி ஜாடிகளோடு வந்தார். "தண்ணி, விளக்கெண்ணெய், எதுடா கனம்?" முதல் பெஞ்சில் இருந்த நான் முந்திக்கொண்டேன். "விளக்கெண்ணெய் சார், அதுதானே கெட்டி."

அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் ஜாடியில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார். மேலே மிதந்தது. வகுப்பே சிரித்தது. "கெட்டிங்கிற வார்த்தையை வாசல்லயே விட்டுட்டு வா. அதுக்குள்ள ரெண்டு சங்கதி ஒளிஞ்சிருக்கு" என்றார். ஒன்று அடர்த்தி: ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ, விளக்கெண்ணெய் சுமார் 960. இன்னொன்று பாகுநிலை: திரவத்தின் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கும்போது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது. அதில் 20 டிகிரியில் விளக்கெண்ணெய் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1000 மடங்கு.

அப்புறம் சைக்கிள் பால்ஸ் ஒன்றைத் தண்ணீரில் போட்டார். டங். எண்ணெயில் போட்டது சாவகாசமாக இறங்கியது. அந்த எண்ணெய் ஜாடியை வெந்நீர் வாளியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி போட்டபோது குண்டு ஓடியே போனது. சூட்டில் அடர்த்தி லேசாகத்தான் குறையும், பாகுநிலை படுத்துவிடும். "எத்தனை டிகிரின்னு சொல்லாத நம்பருக்கு மார்க் கிடையாது" என்றார். அடுத்த டெஸ்டில் எனக்கு 2 மார்க் போனது. பரப்பு இழுவிசை, ஆவி அழுத்தம் எல்லாம் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. படிப்பு முடியும்வரை என் பெயர் விளக்கெண்ணெய்.

1999ல் சிங்கப்பூர் வந்தேன். கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும்போது அளவு பார்க்கும் பங்கர் சர்வேயருக்கு உதவியாள். 380 என்று சொல்வார்களே, அந்த எண்ணெய்க்கு 50 டிகிரியில் பாகுநிலை 380 சென்டிஸ்டோக்ஸ் வரை போகலாம், அதனால் அந்தப் பெயர். ஆறினால் தார்தான். சூடாக்கித்தான் பம்ப் செய்ய முடியும். இன்ஜினுக்குள் போகுமுன் 130 டிகிரி பக்கம் ஏற்ற வேண்டும். "இது தண்ணியைவிட கனம்ப்பா" என்றார் கூட வேலை பார்த்த அண்ணன். நானும் தலையாட்டப் போனேன். சான்றிதழில் பார்த்தால், 15 டிகிரியில் அதிகபட்ச அடர்த்தியே 991. மறுபடியும் கெட்டி.

கெட்டியை மறக்கவில்லை, ஆனால் நுரையில் ஏமாந்தேன். ஓர் இரவு, கப்பலுக்கு எண்ணெய் கொண்டுவரும் படகான பார்ஜில் டேங்க் மட்டம் பார்த்தபோது, உள்ளே இறக்கிய அளவு டேப்பில் நுரை ஒட்டியிருந்தது. சூட்டில் வந்த நுரை என்று விட்டுவிட்டேன். மறுநாள் கப்பலின் சீஃப் இன்ஜினியர் கூப்பிட்டுக் கத்தினார்: நிரப்பிய கப்பல் டேங்கில் மட்டம் இறங்கியிருக்கிறது. எண்ணெயில் காற்றை ஊதிக் குமிழியாக்கினால் மட்டம் ஏறும். அளப்பது கொள்ளளவு, கணக்கில் போடுவது சுத்தமான எண்ணெயின் அடர்த்தி, காற்றும் எடையாகிவிடுகிறது! இதற்குக் கப்புச்சினோ என்று பெயர். இங்கே நுரை பொங்க ஆற்றித் தரும் டீயான தே தாரிக் என்று வைத்திருந்தால் நம் ஊருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

2017 முதல் இங்கே எரிபொருள் எண்ணெய் நிரப்ப மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். நிறையையே நேராக அளப்பதால் நுரை ஊதிப் பெரிய லாபமில்லை.

அதற்கு அடுத்த வருடம் சார், சிங்கப்பூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். தேக்கா கடையில் இலை போட்டு உட்கார்ந்ததும் நுரைக் கதையைச் சொன்னேன். "அந்த எண்ணெய் அடர்த்தி 980 சார்..."

சோற்றில் குழி பண்ணிக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தனை டிகிரியில?"

"15 சார்."

"சரி, ரசம் ஊத்திக்கோ."