அன்லிமிட்டெட் லேண்ட் போன் கட்டுப்படியாகுமா?

'மாதம் இவ்வளவு கட்டினால் எவ்வளவும் கதைக்கலாம்' என்று விளம்பரம் கண்டதும், நாங்கள் மாதத்துக்கு எத்தனை நிமிடம் கதைக்கிறோம் என்று வீட்டில் கணக்குப் பார்க்கத் தொடங்குவார்கள். அது இரண்டாவது கணக்கு. முதலில் பார்க்கவேண்டியது யாருக்கு எடுக்கிறோம் என்பதை. அன்லிமிட்டெட் என்ற சொல் நிமிடத்துக்குத்தான் எல்லை இல்லை என்கிறது. எந்த நம்பருக்கு என்பதற்கு எல்லை இருக்கிறது, அது கீழே சின்ன எழுத்தில் கிடக்கும்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு வீட்டிலிருந்து போகும் கோல்களைப் பிரித்துப் பாருங்கோ. பிள்ளை வவுனியாவில் படிக்கிறது, அதன் கையில் இருப்பது மொபைல். உழவு மெசின்காரர், நெல் வாங்கும் ஆள், ஓட்டோக்காரர் எல்லாரும் மொபைல். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தங்கள் வட்ஸ்அப். லேண்ட் போனுக்கு எடுப்பது மாவட்டச் செயலகம், பிரதேச சபை, கமநல சேவை நிலையம், ஆஸ்பத்திரி, வங்கி என்று அலுவலகங்களுக்குத்தான். லேண்ட் போனிலிருந்து லேண்ட் போனுக்கு மட்டும் அன்லிமிட்டெட் தரும் பக்கேஜ் இப்படியான வீட்டில் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

நம்பரைப் பார்த்தே வகை பிரிக்கலாம். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் 021, மன்னாருக்கு 023, வவுனியாவுக்கு 024. அதற்கு அடுத்த இலக்கம்தான் நிறுவனத்தைக் காட்டும். 2 என்றால் ரெலிக்கொம் (ஸ்ரீலங்கா ரெலிக்கொம்), 4 அல்லது 7 டயலொக், 5 லங்கா பெல். மொபைலில் 070, 071 மொபிட்டல். 074, 076, 077 டயலொக். 072, 078 ஹட்ச். 075 எயார்டெல்லாக இருந்தது, 2024இல் அந்த நிறுவனம் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ரெலிக்கொமும் மொபிட்டலும் ஒரே குழுமம்தானே, மொபிட்டலுக்கும் சும்மா போகும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கேஜில் அது எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேணும்.

போனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கோ. ஒரு பக்கத்தில் நான்கு நிரல்: ஒரே நிறுவன லேண்ட் போன், வேறு லேண்ட் போன், மொபைல், வெளிநாடு. எடுத்தவர் நிமிடத்தை அந்த நிரலில் எழுதட்டும். ஒரு தரம் அளக்க முப்பது நாள் போதும். விரிவான பில் கேட்டு எடுக்கலாம்தான், ஆனால் வீட்டாரின் மொபைலில் இருந்து போகும் கோல் லேண்ட் போன் பில்லில் வராது. அன்லிமிட்டெட் எடுத்தால் லேண்ட் போனுக்கு மாறப்போவது அந்தக் கோல்கள்தான், ஆகவே அவையும் கொப்பியில் ஏறவேணும்.

வெளியில் இருந்து உங்களுக்கு வரும் கோலைச் சேர்க்க வேண்டாம், அதற்கு இங்கே காசு இல்லை. லண்டனில் இருந்து பெரியம்மா எடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் உங்கள் பில்லில் ஒரு சதமும் ஏறாது. நீங்கள் திருப்பி எடுப்பது வேறு கதை. உள்ளூர் அன்லிமிட்டெட்டுக்குள் வெளிநாட்டுக் கோல் அடங்காது.

எந்த மாதத்தை அளக்கிறீர்கள் என்பதும் கவனிக்கவேண்டியது. மாரி மழையில் செய்யும் காலபோக நெல்லின் அறுவடையில், தை தொடக்கம் பங்குனி வரை, மெசினுக்கும் லொறிக்கும் ஆலைக்கும் நாள் முழுக்கக் கதைக்க நேரும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும்போதும் அப்படித்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இரண்டாவது போகமான சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இரண்டாவது தரமும் கோல் கூடும். அறுவடை மாதத்துக் கணக்கை வைத்து வருடம் முழுக்கப் பக்கேஜ் எடுத்தால் மற்ற மாதங்களில் வெறும் வாடகைதான் கட்டுவீர்கள். ஒரு அமைதியான மாதத்தையும் அளந்து இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கோ.

இனிக் கணக்கு. இங்கே போடும் எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் பில்லில் உள்ளதை மாற்றிப் போடுங்கோ. சாதாரண மாத வாடகை 700 ரூபா, அன்லிமிட்டெட் 1,500 ரூபா என்றால் வித்தியாசம் 800. மொபைலுக்கு நிமிடம் 4 ரூபா என்றால் 800 ஐ 4 ஆல் பிரிக்க 200 நிமிடம். ஒரு நாளைக்கு 6 நிமிடம் 40 செக்கன். பக்கேஜ் மொபைலையும் அடக்கினால் இது எட்டக்கூடிய அளவுதான். ஆனால் ஒரே நிறுவன லேண்ட் போனுக்கு மட்டும் என்று இருந்து, உங்கள் கோலில் ஐந்தில் ஒரு பங்குதான் அங்கே போகிறது என்று கொப்பி சொன்னால், அந்த 200 நிமிடத்தைப் பிடிக்க மாதம் 1,000 நிமிடம் கதைக்கவேணும். அதோடு, லேண்ட் போனுக்கு எடுக்கும் கட்டணம் மொபைலைவிடக் குறைவாக இருந்தால் 1,000 உம் போதாது.

நிமிடத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு நிமிடமாகக் கணக்கிடும் பில்லில் 1 நிமிடம் 10 செக்கன் கதைத்தால் 2 நிமிடம் விழும். அப்படி 18 கோல் எடுத்தால் உண்மையில் கதைத்தது 21 நிமிடம், பில்லில் 36. 'வந்திட்டியோ, சாப்பிட்டியோ' என்று சின்னச் சின்னதாகக் கதைக்கும் வீட்டில் அன்லிமிட்டெட் நினைத்ததைவிடக் கெதியாகக் காசை மீட்கும். செக்கன் கணக்கில் போகிற மொபைல் பக்கேஜ் இருந்தால் அதே கோல்களுக்கு அதுதான் மலிவு.

வரியில்தான் பலர் வழுக்குவார்கள். லேண்ட் போன் விளம்பரத்தில் உள்ள விலை பெரும்பாலும் வரி சேராதது. 2024 ஜனவரி முதல் வற் (பெறுமதி சேர் வரி) மட்டுமே 18 சதவீதம், தொலைத்தொடர்பு வரியும் மற்றவையும் தனியாக. கடையில் மொபைலுக்கு ரீலோட் போடக் கொடுக்கும் காசோ வரியும் சேர்ந்த காசு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லேண்ட் போன் மலிவாகத் தெரியும், அது பொய் மலிவு. பழைய பில் ஒன்றை எடுத்து மொத்தத் தொகையை வரிக்கு முந்திய தொகையால் பிரியுங்கோ. 1,000 ரூபா 1,400 ஆக வந்திருந்தால் பெருக்கம் 1.4. மேலே சொன்ன 800 ரூபா வித்தியாசம் கையில் இருந்து போகும்போது 1,120. அந்த 1,120ஐ வீட்டார் எல்லாரும் அந்த மாதம் போட்ட ரீலோட்டோடு ஒப்பிடுங்கோ. லேண்ட் போன் பக்கேஜ் இரண்டை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் இந்தப் பெருக்கம் தேவையில்லை, இரண்டு பக்கமும் ஒரே வரி.

ரீலோட் முழுதும் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவதும் பிழை. டேட்டாவுக்கு எப்படியும் போடத்தான் வேணும். நம்பர் எல்லாம் மொபைலுக்குள் கிடக்கிறபடியால் கை தானாக அதற்குத்தான் போகும். அடிக்கடி எடுக்கும் பத்து நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி லேண்ட் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினால்தான் பழக்கம் மாறும். உங்கள் லேண்ட் போன் நம்பரைச் சொந்தக்காரருக்குச் சொல்லியும் வைக்கவேணும். தெரியாத 021 நம்பர் என்று பலர் எடுக்கவே மாட்டார்கள்.

இன்னொரு செலவு பைபர் லைனில் வரும். பழைய செப்புக் கம்பிப் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே கம்பியில் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது. பைபரில் சுவரில் பூட்டும் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. 1990 அம்புலன்சுக்கு எடுக்க நினைக்கும் இரவில்தான் இது தெரியவரும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ் ஒன்று போட்டால் சமாளிக்கலாம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பட்டரியில் 84 வட்-மணி இருக்கிறது, அதைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது. பெட்டி 10 வட் இழுத்தால் ஏறத்தாழ நாலு மணித்தியாலம் தாங்கும். அடப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கோ. பட்டரி இரண்டு வருடத்தில் களைத்துவிடும் என்று வைத்து, விலையை 24 ஆல் பிரித்து மாதக் கணக்கில் சேருங்கோ. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு அடப்டரைக் கழற்றி வைக்கவேணும். பைபர் மின்னலைக் கடத்தாது, ஆனால் கரண்ட் கம்பி கடத்தும்.

கையெழுத்து வைக்க முதல் கேட்கவேண்டியவை: 'நியாயமான பாவனை' என்று எத்தனை நிமிடம் வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் என்ன விலை, குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்கவேணும், இடையில் விட்டால் என்ன கட்டணம். முன்வாசலில் கடை வைத்திருந்தால் வீட்டுப் பக்கேஜைக் கடைக்குப் பாவிக்கலாமா என்பதையும் கேளுங்கோ, சில பக்கேஜில் அது தடை. பதிலை வாயால் சொன்னால் காணாது, எழுத்தில் வாங்குங்கோ. பில் திகதிக்கு நடுவில் மாற்றினால் அந்த மாதப் பில்லில் பழைய வாடகை கொஞ்சம், புதியது கொஞ்சம் என்று கலந்து வரும். அந்த மாதத்தை வைத்து இலாபமோ நட்டமோ என்று முடிவெடுக்க வேண்டாம்.

அம்மம்மா ஒருவர் தனியாக இருக்கிற வீட்டுக்கு என் அபிப்பிராயம் வேறு. அவருக்கு மொபைலின் தொடுதிரை சரிவராது, பெரிய பொத்தான் வைத்த போன்தான் வேணும். ஆனால் அதற்கு அன்லிமிட்டெட் எதற்கு? ஆகக் குறைந்த வாடகையில் லைனை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தங்கள் மொபைலில் இருந்து அவருக்கு எடுத்தால் அவர் பக்கத்தில் வாடகையும் வரியும் தவிர ஒன்றும் ஏறாது.