விளக்கெண்ணெயின் 12-வது கார்பன்

கடலை எண்ணெயையும் விளக்கெண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். சாதாரண அறை வெப்பத்தில் விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு கிட்டத்தட்ட பத்து மடங்கு. காரணம் ரிசினோலிக் அமிலம். இந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை அதுதான், அதன் 18 கார்பன் சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பும், 12-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) இருக்கின்றன. நாம் அன்றாடம் புழங்கும் மற்ற எண்ணெய்களில் இந்த ஹைட்ராக்சில் கிடையாது. மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் இவ்வளவு கெட்டி. ஆல்கஹாலில் கரைவதும் இந்த ஹைட்ராக்சிலால்தான்.

தொழிற்சாலையில் இந்த எண்ணெய்க்குச் செய்யும் மாற்றங்கள் பலவும் அந்த ஹைட்ராக்சிலை வைத்துக்கொள்கிறோமா, விரட்டுகிறோமா என்பதைப் பொறுத்தவை. அமில வினையூக்கி சேர்த்து 230 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது நீராக வெளியேறி, அங்கே இன்னொரு இரட்டைப் பிணைப்பு வந்துவிடும். அப்புறம் அது காற்றில் உலர்ந்து படலமாகும் பெயின்ட் எண்ணெய்! ஆளிவிதை எண்ணெய் அளவுக்கு மஞ்சளிப்பதும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு எதிர்வழி. ஹைட்ராக்சிலைத் தொடாமல், நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தி இரட்டைப் பிணைப்பை மட்டும் நிரப்பினால் 86 டிகிரி வாக்கில் உருகும் கெட்டி மெழுகு கிடைக்கும். சூடு எல்லை மீறினால் ஹைட்ராக்சிலும் கழன்றுபோகும், அதனால் அயோடின் மதிப்பு (மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்பின் அளவு) 3-க்குக் கீழே இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பிச் சரக்கு எடுக்காதீர்கள், ஹைட்ராக்சில் மதிப்பு (ஹைட்ராக்சிலின் அளவு) 155-க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் அவசியம் பாருங்கள். இந்த மெழுகைப் பிளந்தால் வரும் 12-ஹைட்ராக்சிஸ்டீரிக் அமிலமும் லித்தியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து ஒரு சோப்பு ஆகும், அது நுண்ணிய இழைகளாகப் பின்னி எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பேரிங்குக்குப் போடுகிற லித்தியம் கிரீஸ் அதுதான். அதன் சொட்டுநிலை, அதாவது இளகிச் சொட்டத் தொடங்கும் வெப்பநிலை, 190 டிகிரி பக்கத்தில், பழைய கால்சியம் கிரீஸோ 100-ஐ நெருங்கும்போதே இளகிவிடும்.

விளக்கெண்ணெயில் சூடேறாமல் பார்த்துக்கொண்டு கந்தக அமிலம் சேர்த்து, பிறகு காரம் விட்டால் தண்ணீரில் கலக்கும் டர்க்கி ரெட் ஆயில். சாயப் பட்டறைக்கும் தோல் பதனிடவும் போகிறது.

உலகச் சந்தைக்கு வரும் விளக்கெண்ணெயில் பெரும்பகுதி இந்தியாவுடையது, அதிலும் குஜராத்துடையது. லாரி ஏர் பிரேக் குழாய்க்குப் பயன்படும் நைலான் 11-இன் மூலப்பொருள் இந்த எண்ணெயிலிருந்துதான் வருகிறது, ஆனால் அதைப் பல்லாண்டுகளாகத் தயாரித்து வருவது பிரான்சின் மார்செய் நகரில். மெழுகும் கிரீஸ் அமிலமும் இங்கேயே நன்றாகச் செய்கிறோம். நைலான் வரையும் இங்கேயே போக வேண்டும், அதற்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.