18 அடி சாய்தளமும் 5 மாத இ.எஸ்.ஐ. பாக்கியும்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங் முதல் பேக்கிங் வரை ஏறக்குறைய 180 பேர். 2022 அக்டோபரில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலைக்கு ஒரு தம்பியைச் சேர்த்தோம். தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, சக்கர நாற்காலிதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஒரே வாரத்தில் அவர் கைக்கு வந்துவிட்டது. வேலையைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாங்கள் சொதப்பியது. இதே வேலையில் இருக்கும் யாராவது நாளைக்கு ஒருவரைச் சேர்க்கும்போது நான் செய்த தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட்டு, அதன் நகலை மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் கம்பெனி என்றால் எந்தெந்த வேலைக்கு எடுப்போம், என்ன வசதி செய்து தருவோம், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்களிடமும் கொள்கை இருந்தது. பையர் ஆடிட்டுக்காக, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள் நடத்தும் சோதனைக்காக, எங்கிருந்தோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு, டைம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தோம். 'தடையற்ற சூழல் உறுதி செய்யப்படும்' என்று அதில் இருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்று படிகள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாமில்தான் அவரைப் பார்த்தோம். அரைமணி நேரப் பேச்சு, கணினியில் ஒரு சின்னத் தேர்வு, மாதம் 19,500 ரூபாய் சம்பளம், எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாத்ரூம் எப்படி இருக்குங்க அக்கா?" வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

சாய்தளம் கதை முதலில். எங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டு, வீல்சேர் ஏறுகிற மாதிரி படிக்குப் பக்கத்தில் ஒன்று போடுங்கள் என்றேன். "போட்றலாமுங்க" என்றவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். 6 அடி நீளம், மேலே பளபளவென்று டைல்ஸ். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தம்பி சேர்ந்த அன்று காலை அதில் ஏறப் பார்த்தார். முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. செக்யூரிட்டி அண்ணன் ஓடிவந்து பின்னால் பிடிக்காமல் இருந்திருந்தால் மல்லாந்து விழுந்திருப்பார். அன்றிலிருந்து ஏற இரண்டு பேர், இறங்க இரண்டு பேர். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக மெதுவாக விடவேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் நூறு பேர் பார்க்க அவரைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்கு ரொம்ப எளிது. ஓர் அங்குலம் உயர 12 அங்குல நீளம் வேண்டும். எங்கள் தளம் 18 அங்குல உயரம், அப்படியென்றால் சாய்தளம் 18 அடி. நாங்கள் போட்டது மூன்றில் ஒரு பங்கு. பைக் ஏற்றுவதற்கு வீட்டு வாசலில் போடுவார்களே, அந்தச் சரிவு. கொத்தனார் மேல் தப்பே இல்லை, அவருக்கு அளவு சொல்லாதது நான்தான். வாசலில் நேராக 18 அடிக்கு இடமில்லாததால் 9 அடி ஏறி, 5 அடிக்கு 5 அடி சமதளத்தில் திரும்பி, மறுபடி 9 அடி ஏறுகிற மாதிரி உடைத்துக் கட்டினோம். டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கரம் நழுவாமல் இருக்க ஓரத்தில் சின்னக் கட்டை. இந்த முறை கொத்தனாரோடு தம்பியும் இருந்தார். நூல் பிடித்து அளவைச் சரிபார்த்ததே அவர்தான்.

கட்டி முடித்த பிறகும் ஒரு மாதம் தொல்லை ஓயவில்லை. சாய்தளம் தரையில் வந்து முடியும் இடத்தில் நிழல் என்பதால் ஆளாளுக்கு வண்டியை அங்கே நிறுத்திவிடுவார்கள். மஞ்சள் பெயின்ட் அடித்தும் கேட்கவில்லை. கடைசியில் அவருடைய மூன்று சக்கர ஸ்கூட்டருக்கே அந்த இடத்தை ஒதுக்கி, பக்கத்தில் இரண்டு இரும்புக் கம்பி நட்டபிறகுதான் சரியானது. சாய்தளம் கட்டுகிறவர்கள் அது வந்து முடியும் இடத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது பாத்ரூம். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது உண்மை. ஆனால் அதன் கதவு 2 அடி, அவருடைய நாற்காலி 26 அங்குலம். உள்ளே போகவே முடியாது. அவர் அதை என்னிடம் சொல்லவும் இல்லை. சேர்ந்த புதிதிலேயே குறை சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, மாலை வீட்டுக்குப் போய்த்தான் குடித்திருக்கிறார். பன்னிரண்டாவது நாள் குளிர்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அது சுலபமாக வரும், தண்ணீர் குறைந்தால் இன்னும் சீக்கிரம் வரும், சிறுநீரகத்தையே பாதிக்கும் என்று டாக்டர் சொன்னதை அவருடைய அம்மா போனில் என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவன் சொல்ல மாட்டானுங்க, நீங்கதான் கேக்கோணும்" என்றார்.

அன்று மதியமே கார்பெண்டரை வரச்சொன்னேன். கதவை 3 அடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்த இடம் வேண்டும் என்று இரண்டு அறைகளை ஒன்றாக்கினோம். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மொத்தம் நான்கு நாள் வேலை. நான்கு நாளில் முடிகிற ஒன்றுக்காக ஒரு மனுஷன் 12 நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்.

அதனால் ஆளைச் சேர்க்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அவரை வரவழையுங்கள். கேட்டிலிருந்து அவர் உட்காரும் இடம், அங்கிருந்து பாத்ரூம், தண்ணீர்க் குழாய், சாப்பிடும் இடம், பஞ்ச் வைக்கும் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் அவரோடு போய்ப் பாருங்கள். 'ஏதாவது வேணுமா' என்று பொதுவாகக் கேட்டால் 'ஒண்ணும் வேண்டாம்' என்றுதான் பதில் வரும். எங்கள் பஞ்ச் மெஷின்கூட அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, முதல் வாரம் முழுக்க அவருக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தது.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது மாதாமாதம் சந்தா கட்டினால் தொழிலாளிக்கு வைத்தியமும் நோய்க்காலத்தில் பணமும் தரும் அரசுக் காப்பீடு. இதுதான் என்னை அதிகம் அலைய விட்டது.

எங்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளை வெளியே ஒரு கன்சல்டன்ட் பார்க்கிறார். தம்பியைப் பதியும்போது மாற்றுத்திறனாளி என்று குறிக்காமல், எல்லாரையும் போலப் பதிந்துவிட்டார். 2023 ஏப்ரலில் சம்பளத்தை 22,000 ஆக்கினோம். சாதாரணமாக 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யில் இருக்க முடியாது. அதனால் கன்சல்டன்ட் அவர் பெயரை எடுத்துவிட்டார். மே மாதம் கையில் கிடைத்த சம்பளச் சீட்டோடு தம்பி என்னிடம் வந்தார். "அக்கா, பிடித்தம் இல்லையே?" வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், கையில் கூடத்தான் வரும் என்றேன். "எங்களுக்கு 25,000 வரைக்கும் உண்டுங்க அக்கா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. நான் கன்சல்டன்டைக் கேட்டேன், அப்படி ஒன்றும் கிடையாது என்றார். நானும் நம்பி விட்டுவிட்டேன். சட்டம் தெரிந்த ஆள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தெரியாத ஆளின் பேச்சை நம்பினேன்.

அவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. படுக்கைப்புண் வந்தால் வாரக்கணக்கில் படுக்க வேண்டியிருக்கும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான பலனுக்கு. அதாவது செப்டம்பருக்குள் சரிசெய்யாவிட்டால் 2024-ன் முதல் பாதியில் அவருக்குப் பணம் கிடைக்காது. இந்தக் கணக்கு எனக்கு உறைத்தபோது ஜூலை முடியப் போகிறது.

முதல் தடவை இ.எஸ்.ஐ. அலுவலகம் போனபோது கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 21,000-தான் வரம்பு என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை வரம்பு பற்றிய விதியை அச்சடித்து, அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டு எடுத்துப் போனேன். அப்போது ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சான்றிதழில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறு என்று திருப்பிவிட்டார்கள். அந்தச் சான்று யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அதில் தம்பியின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருந்தது. ஆதாரிலும் இ.எஸ்.ஐ.யிலும் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது. நம் ஊரில் யாருக்குத்தான் இப்படி இல்லை!

யுடிஐடி திருத்தத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்தோம். மூன்று வாரம் ஓர் அசைவும் இல்லை. பிறகு ஒரு நாள் தம்பியே அரைநாள் லீவு போட்டு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போனார். அங்கே ஓர் அம்மா விண்ணப்ப எண்ணைப் பார்த்துவிட்டு, யாரிடமோ போனில் பேசி, ஆதார் நகல் தெளிவாக இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அங்கேயே மறுபடி ஏற்றினார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் திருத்திய அட்டை வந்தது. அந்த அம்மாவின் பத்து நிமிஷம் எங்கள் இத்தனை நாள் அலைச்சலை முடித்துவைத்தது.

மூன்றாவது தடவை வேலை முடிந்தது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை விட்டுப்போன சந்தாவை வட்டியோடு கட்டினோம். கவனிக்க வேண்டிய விஷயம்: பழைய மாதங்களுக்கான தொழிலாளர் பங்கை இப்போதைய சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. எங்கள் அக்கவுண்ட்ஸில் பிடிக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கம்பெனிதான் கட்டியது. மாற்றுத்திறனாளியைச் சேர்த்தால் தொடக்க ஆண்டுகளில் நிர்வாகத்தின் பங்கை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் 2008 முதல் இருக்கிறது. சேரும் நாளிலேயே சரியாகப் பதிந்திருந்தால் அதையும் கேட்டிருக்கலாம். ஆகவே பதிவுக்கு முன்பே யுடிஐடி, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேஜையில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிந்ததும் அச்சுப்பிரதி வாங்கி நீங்களே படியுங்கள், கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

இதற்கு நடுவில் செக்கிங்கில் காது கேளாத ஒரு பெண்ணையும் சேர்த்திருந்தோம். கை வேகமும் கண் கூர்மையும் பார்த்து, சூப்பர்வைசரே அவரைத் தன் டேபிளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பிறகு தீயணைப்பு ஒத்திகை நடந்தது. சைரன் அடித்தது, எல்லாரும் வெளியே வந்தார்கள், எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைவு. உள்ளே ஓடினேன். டாய்லெட்டிலிருந்து அப்போதுதான் வந்தவர், ஆளே இல்லாத ஹாலில் நின்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த திகைப்பை என்னால் மறக்க முடியவில்லை. நிஜத் தீ என்றால்? அந்த வாரமே செக்கிங் ஹாலிலும் டாய்லெட்டிலும் சைரனோடு சேர்ந்து மின்னும் சிவப்பு விளக்கு போட்டோம். பக்கத்து டேபிள் பெண்கள் இரண்டு பேருக்கு அவரைத் தொட்டு அழைத்துவரும் பொறுப்பு. ஒருவர் லீவு என்றால் இன்னொருவர். டேபிளில் இருக்கும் ஆறு பேரும் இப்போது அவரிடமிருந்து சைகை கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் தம்பிக்கு இடுப்பில் புண் வந்து 18 நாள் படுக்க வேண்டியதானது. உதவித்தொகை அவர் கணக்கில் ஏறிய செய்தியை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார். அதை எங்கள் முதலாளியிடம் காட்டினேன், கன்சல்டன்டிடமும் காட்டினேன்.

கான்டீன் மட்டும் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. லிஃப்டுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறோம், இந்த வருஷம் முடியாது என்கிறார் முதலாளி. கீழே பேக்கிங் ஓரத்தில் ஓர் அறையை ஒழித்து, ஒரு மேஜையும் தண்ணீர் மெஷினும் போட்டுக்கொடுத்திருக்கிறேன். தம்பியோடு சாப்பிட அயர்னிங்கிலிருந்து நாலைந்து பேர் அங்கேயே வந்துவிடுகிறார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை பூஜையும் பொங்கல் கொண்டாட்டமும் மாடியில்தான் நடக்கிறது. இந்தப் பொங்கலைக் கீழே வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.