கேம்பிரிட்ஜ் கூரையோரத்தில் உழவாரன்

புதிதாக இங்கிலாந்தில் வீடு வாங்கியிருக்கிற நம் ஆட்கள் என்னிடம் எதைக் கேட்டு வந்தாலும், பேச்சு முடிவதற்குள் அவர்கள் வீட்டுக் கூரையோரத்தைப் பற்றி நான் விசாரித்துவிடுவேன். எத்தனை மாடி, சுவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, முன்னால் மரம் ஏதாவது மறைக்கிறதா. உழவாரன் (ஆங்கிலத்தில் swift) என்கிற பறவை கூடு வைக்க ஒரு பெட்டி மாட்ட இடம் இருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான். நாங்கள் கேம்பிரிட்ஜில், மில் ரோடு பக்கம், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய மஞ்சள் செங்கல் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். இந்த ஊரில் எனக்கென்று ஒரு தெரு இருக்கிறது, அதில் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறதென்றால் அதற்கு அந்தப் பறவைதான் காரணம்.

வந்த புதிதில் அப்படி இல்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பாதி நாள் இரவுப் பணி. இவருக்குக் கணினி வேலை. தெருவில் யாரையாவது பார்த்தால் ஒரு சிரிப்பு, வெயில் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான், கதவு சாத்திக்கொள்ளும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று, திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் பேசிப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதத்தில் இரவுப் பணி முடிந்து வந்து, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முயலும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். வீட்டுக்கு மேலே, கூரையை உரசுகிற மாதிரி, நாலைந்து பறவைகள் கூட்டமாக 'ஸ்ரீ...' என்று வீறிட்டுக்கொண்டு போயின. எழுந்து பின்கட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், கறுப்பாக, அரிவாள் போல வளைந்த சிறகோடு, கண் பின்தொடர முடியாத வேகம். நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பனங்காட்டு மேலே சாயங்காலம் சுற்றுகிற பனை உழவாரனைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அது இதைவிடச் சின்னது, மெலிந்தது. காய்ந்து தொங்கும் பனையோலையின் அடியில், எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு கட்டும், முட்டையையும் அப்படியே ஒட்டிவைக்கும். பனையேறிகளுக்கு நன்றாகத் தெரிந்த பறவை. இது அதன் உறவுக்காரன் என்பது பறக்கிற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நேற்று சாயங்காலமே வந்துவிட்டன, கேட்டாயா?" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எண்பதை நெருங்குகிறவர். அதுவரை குப்பைத் தொட்டி வைக்கிற நாளைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசியதில்லை. அன்றைக்கு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். வருஷாவருஷம் உழவாரன் வந்த தேதியையும் போன தேதியையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார், பழைய காலண்டர்களையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்தும் வைத்திருக்கிறார். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் போய்விடும். தன் கணவர் இருந்த காலத்தில் இந்தத் தெருவின் பாதிக் கூரைகளில் கூடு இருந்தது என்றார்.

அப்புறம் நான் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம் தீரவில்லை. இது கூடு கட்டுகிற காலம் தவிர வேறு எதற்கும் தரையிறங்குவதில்லை. சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, தூங்குவது எல்லாம் பறந்துகொண்டேதான். சில பறவைகள் பத்து மாதம் தொடர்ந்து காற்றிலேயே இருந்ததை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் முதுகில் சின்னஞ்சிறு கருவி பொருத்திப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் காங்கோ காட்டு மேலே சுற்றிவிட்டு, மறுபடி இதே தெருவுக்கு, இதே ஓட்டுக்கு அடியில் இருக்கிற இதே சந்துக்குத் திரும்பி வரும். ஜோடியில் இரண்டும் தனித்தனியாக வந்து, கூட்டில்தான் சந்தித்துக்கொள்ளும்.

உழவாரனும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தது என்று நம் ஆட்கள் சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அது இந்த ஊரில் பிறந்தது. நமக்கு முன்பே, இந்த வீடுகள் கட்டிய நாளிலிருந்தே இங்கே குடியிருக்கிற இனம். நாம்தான் புதிதாக வந்தவர்கள், அந்த வீட்டின் சாவி இப்போது நம் கையில் இருக்கிறது. அதனால் அதற்கு இடம் விட வேண்டிய பொறுப்பும் நம்முடையது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்குக் குளிர்காலத்தில் புதிதாகக் கூரை போட்டார்கள். நல்ல வேலைதான், வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று வெப்பக்காப்பு அடைத்து, கூரையோரத்துச் சந்துகளையெல்லாம் பிளாஸ்டிக் பலகையால் மூடிவிட்டார்கள். மே வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பறவை நேராக வந்து, தன் வாசல் இருந்த இடத்தில் மோதி, கீழே நழுவி, ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் மோதியது. பல நாட்கள் இது நடந்தது. நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் எங்கள் வாசலில் நின்று பார்த்தோம், அவர் பேசவே இல்லை. 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி, பறவை கூட்டில் இருக்கும்போது அதைத் தொட முடியாது. ஆனால் அது ஆப்பிரிக்காவில் இருக்கிற குளிர்காலத்தில் வாசலை அடைத்தால் கேட்பாரில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு அங்கே கூடு இருந்ததே தெரியாது. உழவாரன் கூடு வெளியே தெரியாது, ஒரு துரும்புகூடத் தொங்காது. சுவரில் கறை இருந்தாலே அதிகம். இதனால்தான் இவ்வளவு எளிதாக அழிகிறது. பிரிட்டனில் 1995-லிருந்து பாதிக்கும் மேல் குறைந்து, 2021 டிசம்பரில் ஆபத்தில் இருக்கிற பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பூச்சிகள் குறைந்ததும் ஒரு காரணம், அதை நான் ஒருத்தி சரிசெய்துவிட முடியாது. வாசலை என்னால் கொடுக்க முடியும்.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கலாம், செய்யவும் செய்யலாம். எங்கள் வீட்டில் இவரே பிளைவுட் வாங்கி வந்து அறுத்தார். உள்ளே தரை சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் தாராளம். வாசல்தான் முக்கியம்: 65 மில்லிமீட்டர் அகலம், 28 மில்லிமீட்டர் உயரம், படுக்கைவாட்டில் ஒரு கீறல். உயரம் அதற்கு மேல் போனால் ஸ்டார்லிங் என்கிற வேறு பறவை நுழைந்துவிடும். உள்ளே ஒரு மூலையில் குழிவாக ஒரு கிண்ணம் மாதிரி மரத்தில் குடைந்து ஒட்டிவைத்தால் முட்டை உருளாது, பறவைக்கும் பிடிக்கும். வாசலில் குச்சி எதுவும் வைக்கக் கூடாது. அதன் கால் விரல் நாலும் முன்பக்கம் பார்த்திருக்கும், கிளையில் உட்காரவே வராது, சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும். தரையிலிருந்து 5 மீட்டராவது உயரம் வேண்டும், கீழே மரம், கம்பி, கண்ணாடிக் கூரை எதுவும் இல்லாமல் வெட்டவெளியாக இருக்க வேண்டும், ஏனென்றால் வாசலிலிருந்து விழுந்துதான் அது பறக்கத் தொடங்கும். வெயில் நேராக அடிக்கிற தெற்குச் சுவர் வேண்டாம், கூரை நிழல் படுகிற வடக்கோ கிழக்கோ நல்லது.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "ஏட்டி, சம்பாதிக்கப் போன இடத்துல குருவிக்கு வீடு கட்டிக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு அடுத்த நிமிஷமே, "மழை உள்ளே அடிக்காம மேல கொஞ்சம் சரிவு வையி" என்றும் சொன்னார்.

பெட்டியை மாட்டினால் மட்டும் வராது. இதைப் பலர் தெரிந்துகொள்வதில்லை, மாட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போகிறார்கள். குடியிருக்கிற பறவைக்குத் தன் வீடு போதும், அது வேறிடம் பார்க்காது. வரப்போவது இன்னும் ஜோடி சேராத இளசுகள், அவை ஜூன், ஜூலையில் கூட்டமாக வந்து சுவர் சுவராக உரசி இடம் தேடும். அவற்றை இழுப்பது இன்னொரு உழவாரனின் குரல். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, பதிவுசெய்த குரலைக் காலையிலும் மாலையிலும் மே முதல் ஜூலை வரை போட வேண்டும். இங்கேதான் எனக்குத் தயக்கம். அமைதியான தெரு, நாங்களோ வெளியூர்க்காரர்கள், தினமும் ஸ்பீக்கர் போட்டால் என்ன நினைப்பார்கள்?

அதனால் வீடு வீடாகப் போனேன். கையில் ஒரு தாளில் விவரம், இன்னொரு கையில் முறுக்குப் பொட்டலம். அதற்கு முன் அந்தத் தெருவில் நான் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை. கைக்குழந்தை இருந்த வீட்டில் காலையில் மட்டும் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். எச்சம் விழுமா என்று கேட்டவர்களுக்கு, குஞ்சு சின்னதாக இருக்கும்போது அதன் எச்சத்தைத் தாய் தகப்பனே அப்புறப்படுத்திவிடும், வாசலில் அசிங்கமாகாது என்று சொன்னேன். தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற தச்சர் எங்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாட்டுவதற்குத் தன் ஏணியோடு தானே வந்தார், வரும்போது தன் வீட்டுக்கும் இரண்டு செய்துகொள்ள அளவு கேட்டு எழுதிக்கொண்டார். கூரையை மூடிய அந்த எதிர் வீட்டுக்காரர்கள், விஷயம் தெரிந்ததும் உண்மையாகவே வருந்தினார்கள், அவர்கள் சுவரில் இன்றைக்கு மூன்று பெட்டி இருக்கிறது.

முதல் கோடையில் இளசுகள் வந்து வாசலில் தொற்றிவிட்டுப் போயின, ஒன்று உள்ளேயும் நுழைந்து பார்த்தது. அடுத்த வருஷம் ஒரு ஜோடி இரவு தங்கியது. அதற்கடுத்த வருஷம்தான் முட்டை. பெட்டிக்குள் சின்ன கேமரா வைத்திருந்ததால் இரவுப் பணி இடைவேளையில் போனிலேயே பார்ப்பேன், வார்டில் என்னோடு வேலை செய்கிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். காற்றில் மிதக்கிற இறகும் துரும்பும்தான் கூட்டுக்குப் பொருள், எல்லாம் எச்சிலால் ஒட்டியது. தாயோ தகப்பனோ திரும்பி வரும்போது தொண்டை உப்பியிருக்கும், ஒரே உருண்டையில் 300 முதல் 1000 பூச்சி வரை இருக்கும். ஜூனில் விடாமல் மழை பெய்து பூச்சி கிடைக்காத நாட்களில் குஞ்சுகள் அசையாமல் கிடந்தன, நான் பதறிப்போனேன். உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொண்டு பட்டினியைத் தாங்குகிற வித்தை அதற்கு உண்டு, வெயில் வந்ததும் மறுபடி வாயைப் பிளந்தன. பறக்கிற பருவம் நெருங்கியதும் இரண்டு குஞ்சுகளும் சிறகைத் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி எடுத்ததைப் பார்க்க வேண்டுமே! ஆறு வாரம் வாக்கில் ஒரு விடியலில் வாசலிலிருந்து நழுவிப் போய்விட்டன. பெற்றோர் வழிகாட்டுவதில்லை, ஒத்திகையும் கிடையாது. தானே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும். கூடு கட்ட மூன்று நாலு வயதாக வேண்டும், அதுவரை பெரும்பாலும் ஆகாயத்திலேயே.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் ஒரு உயிர் பிழைக்கும். கீழே விழுந்து கிடக்கும் உழவாரனைத் தூக்கி வானத்தில் எறியாதீர்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒன்றை நானே எடுத்திருக்கிறேன். நாற்பது கிராம் எடை வரும், ஆனால் நகத்தால் என் ஸ்வெட்டரைப் பிடித்த பிடியை விடுவிக்கவே நேரமாயிற்று, இறகுக்கிடையில் பறக்கத் தெரியாத ஒரு உண்ணி ஈ ஓடியது. காற்றுப் போகிற அட்டைப் பெட்டியில், துணிமேல், இருட்டில் வையுங்கள். ரொட்டி, பால் எதுவும் கொடுக்காதீர்கள். இந்தப் பறவையைப் பராமரிக்கத் தெரிந்த தன்னார்வலர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், உடனே அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

பழைய வீட்டுக்குப் பெட்டி, புது வீட்டுக்குச் செங்கல். உள்ளே குடைவாக, வாசலோடு வரும் இந்தச் செங்கலைச் சுவர் கட்டும்போதே பதித்துவிடலாம், விலை 35 பவுண்டு வாக்கில். பிரைட்டன் நகரசபை 2020-லேயே 5 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் ஃபுல்போர்ன் கிராமத்தில் ஒரு பழைய குடியிருப்பை இடித்துக் கட்டியபோது சுவர்களிலேயே கூட்டுப் பெட்டி பதித்தார்கள், குடியிருப்புக்கும் அந்தப் பறவையின் பெயரையே வைத்தார்கள். எல்லாப் புது வீட்டுக்கும் இந்தச் செங்கலைக் கட்டாயமாக்கச் சொல்லி எழுத்தாளர் ஹன்னா போர்ன்-டெய்லர் தொடங்கிய மனுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்து, 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது. 2024 டிசம்பரில் வந்த இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் உழவாரன் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், ஆனால் கட்டாயம் என்று அதில் இல்லை. எனக்கு இது போதாது. லட்சக்கணக்கில் வீடு கட்டப்போகிறவர்கள் வீட்டுக்கு ஒரு செங்கல் வைப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை.

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கிற நம்மவர்களே, உங்கள் தெருவிலும் மே மாதம் காது கொடுத்துக் கேளுங்கள். கூரை வேலைக்கு ஆள் பேசுவதற்கு முன் ஒரு கோடை சாயங்காலம் வாசலில் நின்று எந்தச் சந்துக்குள் எது போகிறது என்று பாருங்கள், இருந்தால் அந்தச் சந்தை அப்படியே விடச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பெட்டியும் ஏணியும் உங்கள் செலவு என்றால் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். நாங்கள் இப்போது மகளின் பள்ளிக்கூடக் கூரைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். தலைமையாசிரியைக்கு மிகவும் இஷ்டம், ஏணியில் யார் ஏறுவது, காப்பீடு யார் பொறுப்பு என்ற கேள்விதான் பாக்கி. ஆறு பெட்டிகள் எங்கள் கொட்டகையில் தயாராக இருக்கின்றன, ஏப்ரல் கடைசிக்குள் மேலே ஏற்றிவிட வேண்டும்.