சினிமாவைப் பார்த்து எழுதக் கற்றவர்கள்

சினிமா வந்தபோது ஜெர்மன் எழுத்தாளர்கள் பயந்தார்களா, பொறாமைப்பட்டார்களா? ரெண்டும்தான் என்று தோன்றுகிறது.

ஆல்ஃபிரட் டோப்ளின் பெர்லினில் டாக்டராக இருந்தவர். நாவலுக்குச் சினிமா நடை வேண்டும் என்று 1913லேயே எழுதிவிட்டார். பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து காரணம் சொல்லிக்கொண்டிருக்காதே, நடப்பதை நெருக்கமாக அடுக்கிக் காட்டு என்பதுதான் அவர் கட்சி. 1929இல் 'பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' நாவலில் அதைச் செய்தும் காட்டினார். சிறையிலிருந்து வெளியே வரும் ஃபிரான்ஸ் பீபர்காஃப் கதைக்கு நடுவே டிராம் நிறுத்தங்கள், விளம்பரங்கள், வானிலை, ஆடுமாடு வெட்டும் கூடத்து விவரங்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழும். 1931இல் அது படமானது. திரைக்கதையில் டோப்ளினுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் படத்தைவிட நாவலில்தான் சினிமா அதிகம் என்பேன்.

இன்னொரு ஜெர்மன் நாவலாசிரியரான தாமஸ் மன் வேறு ரகம், சினிமாமேல் சந்தேகம் உள்ளவர். 1924இல் வந்த 'மாய மலை' நாவலில், சுவிஸ் மலையூரான டாவோஸில் உள்ள சானடோரியத்து (காசநோய் மருத்துவ விடுதி) நோயாளிகள் சிலர் படம் பார்க்கப் போகிறார்கள். படம் முடிகிறது. கைதட்டலாம் என்றால் யாருக்குத் தட்டுவது? நடித்தவர்கள் எப்போதோ கலைந்துபோய்விட்டார்கள், பார்த்ததெல்லாம் நிழல்.

அதே நாவலில் எக்ஸ்ரேயும் வருகிறது. கதாநாயகன் ஹான்ஸ் காஸ்டார்ப் தன் கை எலும்பைத் திரையில் பார்த்து, தானும் ஒருநாள் சாகப்போகிறவன் என்று முதன்முறையாக உணர்கிறான். அப்புறம் காதலியின் மார்பு எக்ஸ்ரே தகட்டை நினைவாகப் பத்திரப்படுத்துகிறான். முகமே இல்லாத காதலி போட்டோ! மன்னின் குறும்பு அங்கேதான் உச்சம்.